மூன்றடி உயரத்தின் விலை

ஏரி என்றதும் படகுச் சவாரிதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே கிடக்கும் சுப்பீரியர் ஏரியின் பரப்பளவு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர்! இரும்புத் தாது ஏற்றிய பெரும் சரக்குக் கப்பல்கள் ஓடும் ஏரி அது.

அவற்றில் ஒன்று எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட். நீளம் 729 அடி. 1958-ல் நீரில் இறக்கப்பட்டபோது அந்த ஏரிகளிலேயே மிகப் பெரிய கப்பல். 1975 நவம்பர் 9 அன்று சுமார் 26,000 டன் தாது உருண்டைகளுடன் கிளம்பியது. மறுநாள் கடும் புயல். ரேடார்கள் செயலிழந்தன, கப்பல் ஒருபக்கம் சாய்ந்தது. இரவு 7.10 மணிக்கு, சமாளித்துக்கொண்டிருக்கிறோம் என்று பின்னால் வந்த கப்பலுக்கு ரேடியோவில் சொன்னார் கேப்டன் மெக்சார்லி. அதோடு சரி. 29 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

ஏன் மூழ்கியது? சரக்கறை மூடிகள் சரியாக அடைபடாமல் தண்ணீர் புகுந்தது என்றது அமெரிக்கக் கடலோரக் காவல் படை. இல்லை, கரிபூ தீவருகே பாறைத்திட்டில் தட்டியிருக்கும் என்றது கப்பல் நிறுவனங்களின் சங்கம். ஒன்று மாலுமிகளின் வேலையைச் சந்தேகிக்கிறது, மற்றது கேப்டன் போன வழியை. இறந்தவர்கள் வந்து பதில் சொல்லவா போகிறார்கள்?

1976-ல் கார்டன் லைட்ஃபுட் பாடிய பாட்டால் அந்தப் புயல் உலகப் புகழ் பெற்றது. ஆனால் பலருக்கும் தெரியாத ஒரு கணக்கு உண்டு. நீர்மட்டத்துக்கு மேல் கப்பலின் மேல்தளம் குறைந்தது இவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 1969, 1971, 1973 என மூன்று முறை இந்தக் கப்பலுக்கு அந்த உயரம் குறைக்கப்பட்டது. மொத்தம் மூன்றடிக்கும் சற்று அதிகம். கூடுதல் சரக்கு, கூடுதல் லாபம்!

மேல்தளம் தாழ்ந்தால் அலை எளிதாக ஏறும், மூடிகள் மேல் தண்ணீர் நிற்கும். அடிப்பகுதி ஆழமாக இறங்கினால் பாறையில் தட்டும் வாய்ப்பும் கூடும். ஆக, எந்தத் தரப்பு சொன்னது உண்மையானாலும் அந்த மூன்றடிக்கு அதில் பங்கு உண்டு. அந்த விதியைத் தளர்த்தியது மாலுமிகள் அல்ல.

நீரின் ஆழம் காட்டும் கருவிகூட அந்தக் கப்பலில் இல்லை. பெரிய கப்பல்களுக்கு அது கட்டாயமானது 1980-ல்தான்.

1995-ல் கப்பலின் மணியை மேலே எடுத்தார்கள். இறந்தவர்கள் நினைவாக ஆண்டுதோறும் நவம்பர் 10-ல் அதை அடிக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் புயலை மட்டும் நினைத்துவிட்டு அந்த மூன்றடியை மறந்தால், அந்த 29 பேருக்கும் அது மரியாதை ஆகாது.