எட்டு ஓம் கணக்கின் குறை

சங்கீதம் கேட்பதற்கென்றே வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, பல வருஷங்களாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு உயர்ந்த ரக ஸ்பீக்கர் வாங்கத் துணிகிற ரஸிகரிடம், ஆம்ப்ளிபையரைப் பற்றிப் பேச்சு எழுந்தவுடன் கடைக்காரர் சொல்வது வாட் கணக்கு ஒன்றைத்தான். அறுபது வாட்டுக்கு இன்ன விலை, நூறு வாட்டுக்கு இன்ன விலை என்று அவர் அடுக்க, எண் பெரிதானால் நாதமும் பெரிதாகும் என்று நம்பி வாங்குகிறவரும் பணத்தை எண்ணி வைக்கிறார். சாதாரணப் பெட்டி ஸ்பீக்கருக்கு இந்தக் கணக்கு ஒருவாறு போதும். பிளேனர் ஸ்பீக்கர் எனப்படும் தட்டை ஸ்பீக்கர்களின் விஷயத்திலோ, அந்த ஒற்றை எண் வாங்குகிறவரைத் தவறான வழியில் இட்டுச் செல்லும் என்பதும், அதை மட்டும் பெரிதாக அச்சடித்து விற்கும் வழக்கத்தைக் கம்பெனிகள் கைவிட வேண்டும் என்பதும் என்னுடைய திடமான அபிப்பிராயம்.

இவ்வகை ஸ்பீக்கரில் மரப்பெட்டி கிடையாது; காகிதக் கூம்பும் கிடையாது. அகன்ற சட்டத்தில் இழுத்துக் கட்டிய, தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று தன் பரப்பு முழுவதும் ஒருசேர அசைந்து அறையின் காற்றை அசைக்கிறது. பெட்டிக்குள் அடைபட்ட காற்றின் முனகல் அந்த நாதத்தில் கலப்பதில்லையாதலால், தம்பூராவின் ரீங்காரம் மீட்டிய பின்னும் தேய்ந்து தேய்ந்து செல்வதையும், அடுத்த சங்கதிக்கு முன் பாடகர் மூச்சை உள்ளிழுப்பதையும் இதில் கேட்டு அனுபவித்தவர்கள் வேறு ஸ்பீக்கருக்குத் திரும்புவது அரிது. படலத்தை அசைக்கும் முறைகளில் முக்கியமானவை இரண்டு. எலெக்ட்ரோஸ்டாடிக் முறையில் படலத்துக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தத்தில் மின்னேற்றம் கொடுத்து, அதன் இரு புறமும் உள்ள துளைத் தகடுகளில் சங்கீதத்தின் மின்சாரத்தைச் செலுத்துகிறார்கள். காந்த முறையில், படலத்தின் மேல் அலுமினியக் கம்பியை மேலும் கீழுமாக வளைத்து ஒட்டி, வரிசை வரிசையாகப் பதித்த காந்தப் பட்டைகளுக்கு எதிரே அதை நிறுத்துகிறார்கள். வெளித்தோற்றத்தில் உடன்பிறப்புகளாகத் தோன்றினாலும், இவ்விரண்டும் ஆம்ப்ளிபையரிடம் வேண்டுவது ஒன்றுக்கொன்று நேர் விரோதமானது.

நூறு வாட் ஆம்ப்ளிபையர் ஒன்றை எடுத்துக்கொண்டு பார்ப்போம். 8 ஓம் எதிர்ப்பில் 100 வாட் தருவதென்றால் அதன் வோல்டேஜ் ஏறத்தாழ 28. அலையின் உச்சியில் 40. இங்கிலாந்தில் ஹண்டிங்டன் என்ற சிறு நகரில் பீட்டர் வாக்கர் நடத்திய குவாட் கம்பெனி 1957-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த எலெக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கர், மனிதக் குரலை உள்ளபடி ஒலிப்பதில் இன்றளவும் ரஸிகர்கள் கொண்டாடும் அந்தச் சாதனம், தாங்கக்கூடிய உச்ச வோல்டேஜ் 33 தான். அதைத் தாண்டினால் தகட்டுக்கும் படலத்துக்கும் இடையே பொறி பாய்ந்து படலத்தில் துளை விழும். வாக்கர் அதற்குத் துணையாக விற்ற வால்வு ஆம்ப்ளிபையரின் சக்தி 15 வாட். சாதாரண அறைக்கு அதுவே போதுமாயிருந்தது. ஆனால் 15 வாட் உள்ள எதையும் கொண்டுவந்து இணைத்துவிட முடியாது. மாறுமின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பாகிய இம்பிடன்ஸ் ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறுவது. குவாட் ஸ்பீக்கரில் அது கீழ் ஸ்தாயியில் 30 ஓமுக்கு மேல் நின்று, செவிக்கு எட்டும் மிக உச்சமான அதிர்வுகளில் 2 ஓமுக்கு அருகே இறங்கிவிடும். மின்தேக்கியின் சுபாவம் கொண்ட இத்தகைய சுமையைக் கண்டு, செம்மையாக வடிவமைக்கப்படாத ஆம்ப்ளிபையர்கள் நிலைகுலைந்து, சங்கீதமே இல்லாதபோதும் தாமாக அதிரத் தொடங்கிச் சூடேறிக் கருகிப்போவது உண்டு. ஆகவே 15 வாட்டில் நல்லது வாழும் இடத்தில் 100 வாட்டில் கெட்டது சாகலாம், ஸ்பீக்கரையும் கூட்டிக்கொண்டு.

இனி, அதே ஆம்ப்ளிபையரை, அமெரிக்காவின் மினசோட்டா மாகாணத்தில் ஜிம் வைனி என்ற எஞ்சினியர் 1969-ல் தொடங்கிய மேக்னபேன் கம்பெனியின் காந்தவகை ஸ்பீக்கரோடு இணைப்போம். இங்கே இம்பிடன்ஸ் ஏறக்குறைய எல்லா ஸ்வரங்களுக்கும் 4 ஓமிலேயே நிற்கிறது. முரட்டுத்தனம் சிறிதும் இல்லாத சுமை. ஆனால் இதற்கு ஆகாரம் அதிகம். இந்தக் கம்பெனியின் 1.7 என்ற மாடலுக்கு 2.83 வோல்ட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபெல் ஓசை பிறக்கும் என்று கூறப்படுகிறது. 4 ஓமில் அந்த வோல்டேஜுக்குச் செலவாகும் சக்தி 1 வாட் அன்று, 2 வாட். மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்றை அதில் வைத்துக் கேளுங்கள். வலந்தலையில் விரல் நுனிகள் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும்வரை 2 வாட்டே போதும். திடீரென்று தொப்பியில் ஓர் அடி விழுந்து, ஓசை அதைவிட 20 டெசிபெல் உயருமானால், வேண்டிய சக்தி நூறு மடங்காகி 200 வாட் ஆகிவிடுகிறது. அந்தக் கணத்தில் ஸ்பீக்கருக்குள் பாயவேண்டிய மின்சாரம் 7 ஆம்பியர். பருமனான டிரான்ஸ்பார்மரும் தாராளமான மின்தேக்கிகளும் உடைய ஆம்ப்ளிபையர், 8 ஓமில் தரும் 100 வாட்டை 4 ஓமில் 200 ஆக்கிக் கொடுக்கும். அவற்றில் சிக்கனம் செய்த ஆம்ப்ளிபையர், அட்டைப்பெட்டியின் மேல் அதே 100 வாட்டை அச்சடித்துக்கொண்டிருந்தாலும், 200-க்கு வெகு முன்பே நின்றுவிடும். அப்போது தொப்பியின் ஆழம் வற்றிப் பலகையைத் தட்டினாற்போல் ஒரு வறட்டு ஓசை எழுகிறது. வித்வானின் கை நயத்தையே சந்தேகிக்கத் தோன்றும்.

இந்தப் பாதையின் எல்லைக்கே போனவர்கள் மாசசூசெட்ஸ் மாகாணத்தின் அபோஜி கம்பெனியார். காந்த முறையிலேயே ரிப்பன் எனப்படும் வகையைச் சேர்ந்த, அவர்களுடைய சிண்டில்லா என்ற ஸ்பீக்கரின் இம்பிடன்ஸ் 1 ஓம். நம்முடைய 28 வோல்ட்டை அங்கே நிலைநிறுத்த வேண்டுமானால் 28 ஆம்பியர் வேண்டும். பெரும்பாலான ஆம்ப்ளிபையர்கள் அதைப் பார்த்த மாத்திரத்தில் பியூஸ் இழந்தன. அதைத் தாங்கிப் பெயர்பெற்றவற்றுள் ஒன்று கிரெல் கம்பெனியின் கே.எஸ்.ஏ.-50. அதன் 8 ஓம் கணக்கோ வெறும் 50 வாட்! எதிர்ப்பு பாதியாகுந்தோறும் சக்தியை இரட்டித்துக் கொடுக்கும் திராணி அதற்கு இருந்தது. கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணை மட்டும் பார்க்கிறவர், கிரெல்லை விட்டு 100 வாட்டைத்தான் எடுத்துச் சென்றிருப்பார்.

வாட் கணக்கில் நடந்த பொய்யுரைகளைத் தடுக்கச் சட்டங்கள் வராமல் இல்லை. நம் ஊர்க் கடைகளில் ஒரு காலத்தில் பி.எம்.பி.ஓ. என்ற பெயரால் சிறிய டேப் ரிக்கார்டரின் மேல் ஆயிரக்கணக்கான வாட் அச்சிடப்பட்டிருந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள், அமெரிக்க பெடரல் டிரேட் கமிஷன் 1974-லேயே ஆம்ப்ளிபையர் சக்தியை அளந்து விளம்பரப்படுத்தும் முறைக்கு விதி வகுத்ததை மெச்சுவார்கள். நானும் மெச்சுகிறேன். ஆயினும் 2024-ல் அந்த விதியைத் திருத்தியபோது, அளவுக்கு ஆதாரமாக அவர்கள் நிர்ணயித்தது 8 ஓம் எதிர்ப்பு. ஒரே அளவுகோல் இருந்தால்தான் ஒப்பிட முடியும் என்ற நியாயம் அதில் இருக்கிறது. ஆனால் தட்டை ஸ்பீக்கர் வாங்குகிறவருடைய வீட்டில் அந்த 8 ஓம் எங்கும் இல்லை. 4 ஓமிலும் 2 ஓமிலும் அளந்த எண்களை அதன் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்று விதித்திருந்தால் கம்பெனிகளுக்கு ஒரு வரி மைதான் கூடுதலாகச் செலவாகியிருக்கும்.

அறையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் விடுவதற்கில்லை. ஏனெனில், ஆம்ப்ளிபையர் போதவில்லை என்று முறையிடுகிறவர்களில் சிலருக்கு உண்மையில் போதாதது இடம். தட்டை ஸ்பீக்கர் முன்னால் அனுப்பும் நாதத்தை அதே அளவில், தலைகீழான அலையாக, பின்னாலும் அனுப்புகிறது. சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிறுத்தினால் அந்தப் பின்புற அலை, போய்வர இரண்டு மீட்டர் கடந்து, வினாடியில் ஆயிரத்தில் ஆறு பங்கு தாமதித்துக் காதை எட்டி, சபையில் உட்கார்ந்த விசாலத்தைக் கொடுக்கும். அலமாரியைப் போலச் சுவரோடு ஒட்டி வைத்தாலோ முன்னலையோடு மோதிக் குரலைக் கலக்கி, கீழ் ஸ்தாயியையும் உண்டுவிடும். பக்கவாட்டில் இவை மிகக் குறைவாகவே ஒலிப்பதால், நம் வீடுகளின் குறுகலான, சிமெண்டுப் பூச்சுள்ள அறைகளுக்கு ஒரு விதத்தில் இவை ஏற்றவையே. சுவரை விட்டு விலக்கி வைக்க மனமின்றி, பாஸ் வரவில்லை என்று ஆம்ப்ளிபையரை மேன்மேலும் பெரிதாக மாற்றிக்கொண்டே போவதால் மின்கட்டணம் உயர்வதைத் தவிர வேறு பலன் இல்லை. கடலோர ஊர்களில் எலெக்ட்ரோஸ்டாடிக் வாங்க நினைப்பவர்கள், ஈரமும் தூசியும் படலத்தின் மின்னேற்றத்தைக் கசியவிடும் என்பதையும் யோசித்துக்கொள்வது நலம்.

முதலில் அறையை அளந்து, அதற்குப் பொருந்தும் ஸ்பீக்கரைத் தேர்ந்து, அதன் இம்பிடன்ஸ் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைசியாகத்தான் ஆம்ப்ளிபையரைத் தேட வேண்டும். அதையும் கடையின் குளிரூட்டிய அறையில் கேட்டு நிச்சயிக்காமல், ஒரு வாரம் வீட்டில் வைத்துக் கேட்க இரவல் தரும்படி கடைக்காரரைக் கேட்பதில் வெட்கத்துக்கு இடமில்லை. லட்சக்கணக்கில் விலை சொல்லும் வியாபாரத்தில் அது வாங்குகிறவரின் உரிமை. வரைபடத்தையும், 4 ஓமில் தொடர்ந்து தரக்கூடிய சக்தியையும் எழுத்தில் தர மறுக்கிற கம்பெனியின் சாதனத்தை, அதன் நாதம் கடையில் எவ்வளவுதான் கவர்ந்தாலும், வாங்கும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.