போனவர்களா, ஆக்கப்பட்டவர்களா?

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி ஆலயத்தின் முன்பாகத் தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். சில வாரங்களுக்குள் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் பந்தல்கள் எழுந்தன. பிள்ளைகள் ‘காணாமல் ஆக்கப்பட்டார்கள்’ என்றே அவர்கள் சொல்லி வருகிறார்கள். நமது பத்திரிகைகளில் இன்றும் ‘காணாமல் போனோர்’ என்ற தலைப்பைக் காண்கிறேன். இரண்டும் ஒன்றுதானே, எதற்கு இந்தச் சொற்சண்டை என்று கேட்போருக்காகவே இதை எழுதுகிறேன்.

இரண்டும் ஒன்றல்ல. மேய்ச்சலுக்குப் போன ஆடு காணாமல் போகும். 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளித்தோம் என்று குடும்பத்தார் சாட்சியம் சொல்லும் பிள்ளை எப்படிக் காணாமல் போவான்? தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்தோமே, அந்த வேற்றுமைதான் இது. ‘கெட்டான்’ என்றால் குற்றம் அவனுடையது. ‘கெடுத்தார்கள்’ என்றால் கெடுத்தவர் ஒருவர் இருக்கிறார்.

ஸ்பானிய மொழியில் ‘தெசபரெசர்’ என்றால் மறைதல். அன்றாட வழக்கில் அது பெரும்பாலும் செயப்படுபொருள் குன்றிய வினை. ஆயினும் இலத்தீன் அமெரிக்க மக்கள் ‘அவனை மறைந்தார்கள்’ என்பது போல அதனைப் பிறவினையாக்கிப் பேசினார்கள். இலக்கணத்தை வளைத்தாவது செய்தவனை வாக்கியத்துக்குள் இழுத்து வந்தார்கள். நமக்கு அந்தச் சிரமமும் இல்லை. ‘ஆக்கு’ என்ற வினை தமிழிலேயே இருக்கிறது. இருந்தும் எழுத மறுக்கிறோம்.

ஆர்ஜென்ரீனாவில் இராணுவ ஆட்சி நடந்த காலத்தில் (1976–1983) அயலார் முணுமுணுத்த வாசகம் ஒன்றுண்டு: ‘அல்கோ அப்ரான் எச்சோ’. ஏதாவது செய்திருப்பார்கள் என்பது அதன் பொருள். அகராதி இதற்கு மேல் உதவாது. இதன் சரியான தமிழ் நம் ஊர்களில் நாம் கேட்டதுதான்: ‘சும்மா பிடிப்பாங்களே?’ இல்லையேல், ‘நெருப்பில்லாமல் புகையாது’. பிடித்தவன் நல்லவனாகவும் பிடிபட்டவன் கெட்டவனாகவும் மாற இந்த ஒரு வரி போதும்.

வன்னிக்கு வந்த உத்தியோகபூர்வச் சொற்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். முள்வேலிக்குள் மக்களை அடைத்த செட்டிகுளம் மெனிக் பாம் ‘நலன்புரி நிலையம்’. போர் ‘மனிதாபிமான நடவடிக்கை’. பின்னர் ‘நல்லிணக்கம்’ வந்தது, 2015இல் ‘நல்லாட்சி’ வந்தது. நன்மைக்கெல்லாம் செய்பவர் உண்டு. தீமைக்கோ எவருமில்லை: மக்கள் இடம்பெயர்ந்தனர், வீடுகள் சேதமடைந்தன, உயிர்கள் இழக்கப்பட்டன. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அலுவலகத்தின் பெயரிலும் ‘காணாமற்போன ஆட்கள்’தான்.

இந்தக் கணக்கு ஒருபக்கக் கணக்காக இருக்கக்கூடாது. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை விரட்டினர். முல்லைத்தீவு, கிளிநொச்சி முஸ்லிம்களும் அவர்களுள் அடக்கம். அவர்களை ‘வெளியேறியவர்கள்’ என்று எழுதியவர்கள் நாமே. அவர்கள் வெளியேற்றப்பட்டவர்கள். இறுதிக் காலத்தில் வன்னியில் வலுக்கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்ட சிறுவர்களை ‘இணைந்தனர்’ என்று எழுதியதும் இதே பாவந்தான். செய்திமேசையில் இருந்த நானும் அதில் பங்காளி.

‘செய்தவர் யாரென நிறுவப்படாதபோது ஆக்கப்பட்டார் என்று எழுதுவது நடுநிலை ஆகுமா?’ என்று இளம் செய்தியாளர்கள் கேட்கிறார்கள். செயப்பாட்டுவினை எவர் பெயரையும் சொல்வதில்லை. செய்தவர் ஒருவர் உண்டு என்பதை மட்டுமே சொல்கிறது. ‘போனார்’ என்பதோ எவருமே இல்லை என்று தீர்ப்பளித்து விடுகிறது. இவற்றுள் எது பக்கச்சார்பு?

புவனோஸ் அயர்ஸின் மே சதுக்கத்தில் தாய்மார் 1977 ஏப்ரல் 30 அன்று முதன்முதலாகக் கூடினர். அங்கே பல வழக்குகளில் நீதிமன்றம் பின்னாளில் தீர்ப்புச் சொன்னது. கிளிநொச்சியிலோ பதில் கிடைக்காமலே பல பெற்றோர் இறந்துவிட்டார்கள். அவர்களுக்கு நீதி வழங்கும் அதிகாரம் பத்திரிகைக்காரனிடம் இல்லை. ஒரு வினைச்சொல்லைச் சரியாக எழுதும் அதிகாரம் அவனிடம் இருக்கிறது. அதையாவது செய்யட்டும்.