கடைசியில யார்தான்டா கொன்னது?

போன பருவத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, விடுதி டிவி ஹாலில் 'ராஷோமான்' போட்டோம். 1950-ல் ஜப்பானில் அகிரா குரோசாவா எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். மறு வருடமே வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கியது. ஒன்றரை மணி நேரம்கூட ஓடாது. அதற்குள் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். லைட்டைப் போட்டதும் மெக்கானிக்கல் நண்பன் ஒருவன் கேட்டான்: "கடைசியில யார்தான்டா கொன்னது?"

"அதைச் சொல்லலையே" என்றேன்.

"அப்புறம் என்னடா படம்? ஃப்ரண்ட் வியூ, டாப் வியூ, சைடு வியூ மூணு குடுத்தா நாம ஐசோமெட்ரிக் போட்டுடறோம். இந்த ஆளு நாலு வியூ குடுத்தும் பொருள் என்னன்னு தெரியல. டிராயிங்கே தப்பு!"

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை. மலரில் இரண்டு பக்கம் கிடைத்திருக்கிறது, இப்போது சொல்கிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. காட்டில் ஒரு சாமுராய் செத்துக் கிடக்கிறான். கொள்ளைக்காரன், சாமுராயின் மனைவி, குறி சொல்பவள் உடம்பில் ஆவியாக வந்து பேசும் சாமுராய், எல்லாவற்றையும் ஒளிந்து பார்த்த விறகுவெட்டி என்று நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், முதல் மூன்று பேரும் தப்பிக்கப் பொய் சொல்லவில்லை. வீரமாக வாள் சண்டை போட்டு நான்தான் கொன்றேன் என்கிறான் கொள்ளைக்காரன். என் கையில் கத்தியோடு மயங்கினேன், விழித்தபோது அது அவர் நெஞ்சில் இருந்தது என்கிறாள் மனைவி. நானே குத்திக்கொண்டேன் என்கிறது ஆவி. பழி வந்தாலும் வரட்டும், மானம் போகக் கூடாது! சம்பந்தமே இல்லாத விறகுவெட்டியாவது முழு உண்மை சொல்வான் என்று பார்த்தால், விலை உயர்ந்த அந்தக் கத்தி எங்கே போனது என்பதை மட்டும் அவன் விட்டுவிடுகிறான்.

இந்த விறகுவெட்டியை எனக்குத் தெரியும். இரண்டாம் ஆண்டில் மெஷின்ஸ் லேபில் டி.சி. மோட்டார் லோடு டெஸ்ட் செய்தோம். ஸ்டார்ட்டர் கைப்பிடியை மெதுவாக நகர்த்தாமல் ஒரே தள்ளாகத் தள்ளியதில் ஆர்மேச்சர் புகைந்தது. எங்கள் மூன்று பேரையும் தனித்தனியாக எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். "நான் அம்மீட்டர் ரீடிங் எடுத்துக்கொண்டிருந்தேன்" என்று எழுதினேன். சத்தியமாக உண்மை. அதற்கு ஒரு நிமிஷம் முன்னால் "சீக்கிரம் தள்ளுடா, பஸ் போயிடும்" என்று கத்தியது நான்தான். அதை எழுதவில்லை. அபராதம் முழுக்கத் தள்ளியவன் தலையில் விழுந்தது. இன்றைக்கு வரை அவன் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நடந்தது ஒன்று, அதில் எதை எடுத்து, எதை விட்டு, எந்த வரிசையில் சொல்கிறோம் என்பது வேறொன்று. ருஷ்ய இலக்கிய ஆய்வாளர்கள் 1920-களிலேயே இந்த இரண்டுக்கும் ஃபாபுலா, சியுஷெத் என்று தனித்தனிப் பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் மறந்தால் பரவாயில்லை, இது தேர்வுக்கு வராது. அமெரிக்காவில் சிட் ஃபீல்ட் 1979-ல் திரைக்கதைக்கு ஒரு சூத்திரப் புத்தகமே எழுதினார். 120 பக்கம் என்றால் முதல் 30-ல் அறிமுகம், நடு 60-ல் மோதல், கடைசி 30-ல் முடிவு. நமக்கு இடைவேளை என்று ஒன்று தனியாக இருக்கிறது. இந்தச் சூத்திரங்களை நான் கிண்டல் செய்யவில்லை. டிசைன் டேட்டா புக் மாதிரி அவையும் வேண்டும்தான். ஆனால் எல்லா வேலைக்கும் ஒரே போல்ட் சைஸ் சரிவருமா?

இங்கே பாருங்கள். 2000-ல் கிறிஸ்டோஃபர் நோலன் எடுத்த 'மெமன்டோ'வில் நாயகனுக்குப் புது ஞாபகம் தங்காது. படத்தின் கலர் காட்சிகள் பின்னாலிருந்து முன்னால் வருகின்றன. கறுப்பு வெள்ளைக் காட்சிகள் நேராகப் போகின்றன. கடைசியில் இரண்டும் சந்திக்கின்றன. ஒவ்வொரு கலர் காட்சி தொடங்கும்போதும் அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. நோயை நமக்கே ஒட்டவைத்துவிடுகிறார்! நம் 'கஜினி' 2005-ல் வந்தது. அதே நோய். ஆனால் டைரியைப் பிரித்தால் ஃப்ளாஷ்பேக், காதல் எல்லாம் வரிசையாக வருகிறது. அசினுக்காக நானும் அழுதவன்தான், மறுக்கவில்லை. அங்கே சூர்யாவைப் பார்த்துப் பரிதாபப்படுகிறோம். மெமன்டோவில் யாரை நம்புவது என்று தெரியாமல் நாமே தவிக்கிறோம். வரிசையை மாற்றினால் வேறு படமாகிவிடுகிறது.

இதற்காக, கலைத்துப் போட்டதெல்லாம் பெரிய படம் என்று சொல்ல வரவில்லை. எடிட்டிங் டேபிளில் சீட்டுக்கட்டு மாதிரிக் குலுக்கிவிட்டு, புரியவில்லை என்பவனை மட்டம் தட்டுகிற படங்களும் இருக்கின்றன. நேராகச் சொன்னாலும் அதே படம்தான் என்றால் எதற்கு அந்தக் குலுக்கல்? 2004-ல் வந்த 'விருமாண்டி'யை அப்படிச் சொல்ல முடியாது. ஜெயிலில் முதலில் கொத்தாளத் தேவர் சொல்வதை நம்பி விருமாண்டியை முரடன் என்றே நினைக்கிறோம். பிறகு அவன் தன் கதையைச் சொல்லும்போது, அவ்வளவு நேரம் நம்பியது நம் தப்பு என்று தெரிகிறது. என் நண்பனுக்கு அந்தப் படம் ரொம்பப் பிடிக்கும். இரண்டு வியூவும் சேர்ந்து கடைசியில் ஒரு பொருள் வந்துவிடுகிறதே!

அவனுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: மாப்ளே, டிராயிங் ஹாலில் மூன்று வியூவையும் வரைகிறவன் ஒரே ஆள். அதனால் பொருந்துகிறது. ராஷோமானில் ஒவ்வொரு வியூவையும் வரைகிறவன் அந்தப் பொருளுக்குள்ளேயே நிற்கிறான். லேபில் மூன்று பேர் எழுதிக் கொடுத்தோமே, அதை வைத்து யாராலாவது ஐசோமெட்ரிக் போட முடிந்ததா? அபராதம்தான் போட முடிந்தது.

பேரவைக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டு முதல் சனிக்கிழமை 'அந்த நாள்' போட வேண்டும். 1954-ல் எஸ். பாலசந்தர் இயக்கி, ஏ.வி.எம். தயாரித்தது. ஒரு பாட்டுகூடக் கிடையாது. சிவாஜி முதல் காட்சியிலேயே சுடப்பட்டுச் செத்துவிடுவார். அவர் ரேடியோ இன்ஜினியர், ஆகவே எலெக்ட்ரானிக்ஸ் பசங்க முன் வரிசைக்கு வாங்க. விசாரணையில் ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கை காட்டுவார்கள். இதில் கொன்றது யார் என்று கடைசியில் தெரிந்துவிடும், மெக்கானிக்கல் நண்பன் பயப்படாமல் வரலாம். ஏற்கெனவே பார்த்தவர்கள் தயவுசெய்து வாயைத் திறக்கக் கூடாது. ஸ்டார்ட்டர் தள்ளியவனுக்கு என் பக்கத்தில் இடம் போட்டு வைக்கிறேன்.