கொதித்த பிறகு எதற்குப் பெரிய தீ?

புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். தண்ணீர் கொதித்துவிட்டால், திறந்த பாத்திரத்தில் எவ்வளவு எரித்தாலும் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, மிச்ச வெப்பமெல்லாம் நீராவியோடு போய்விடும் என்பது பாடம். 'ஷலேர் லத்தான்த்', தமிழில் உள்ளுறை வெப்பம். மனப்பாடம் செய்து மார்க்கும் வாங்கினேன்.

குமாஸ்தா வேலைக்குப் போன காலத்தில், ஆபீசுக்கு நேரமானால், "தீயைக் கூட்டேன்!" என்று மனைவியிடம் கத்துவேன். உலை கொதித்ததும் தீயைக் குறைப்பது அவள் வழக்கம். இந்தப் பாடத்தை அவள் படித்ததில்லை. நான் கத்தியதற்காகக் கூட்டியும் வைப்பாள், பாவம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க 70 கிலோ கலோரி. கொதிக்கும் அதே நீர் முழுக்க ஆவியாக இன்னும் 540. பெரிய தீயில் சோறு சீக்கிரம் வேகாது, சிலிண்டர்தான் சீக்கிரம் தீரும்.

அவசரமென்றால் அழுத்தத்தைத்தான் கூட்ட வேண்டும். 1679-இல் தெனி பப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் காட்டிய மூடிய பாத்திரம் அதற்குத்தான். நம் குக்கருக்குள் சுமார் 120 டிகிரி. அதிலும் விசில் வந்தபின் பெரிய தீ வீண்.

பள்ளிகளில் இந்தப் பாடத்தை அடுப்பு மூட்டி, உலை வைத்து, தெர்மாமீட்டரோடு நடத்த வேண்டும் என்பது என் கட்சி. எங்களுக்குக் கரும்பலகையில் ஒரு கோடு போட்டுக் காட்டினார்கள், அவ்வளவுதான்.