நடுங்குவதெல்லாம் வெறியன்று

நாயொன்று தலையை ஆட்டக் கண்டமாத்திரத்தே "வெறி பிடித்தது" எனக் கூவிக் கல்லெடுப்பது நம்மனோர் வழக்கமாயிற்று. விழுப்புரம் புகைவண்டிச் சந்திப்பின் புறத்தும், திண்டிவனம் கடைத்தெருவினும் திரியும் நாய்கட்கு இக்கூக்குரலே மரண சாசனம். வெறிநோய் பற்றிய அச்சம் பொருளற்றதன்று. அறிகுறி தோன்றியபின் அந்நோயினின்று உய்ந்தார் மிக அரியர். எனினும், ஆட்டமும் வலிப்பும் வெறியும் வெவ்வேறென அறியாது கல்லெறிதல் தகாது என்பதே எம் கருத்து.

பாக்ஸர், புல்டாக், டாபர்மன் முதலிய சாதிகளில் ஒருவகைத் தலைநடுக்கம் உண்டு. வாளா படுத்திருக்கையில் தலைமட்டும், 'ஆம்' என்பார்போல் மேலும் கீழுமோ, 'இல்லை' என்பார்போல் பக்கவாட்டிலோ ஆடும். சில நிமிடங்களில் தானே அடங்கும். அப்பொழுதும் பெயர் சொல்லி அழைப்பின் நாய் திரும்பிப் பார்க்கும், எழுந்து நடக்கும், இறைச்சித் துண்டொன்றைக் காட்டிய அளவில் ஆட்டம் நின்றுவிடுதலும் உண்டு. பெருவலிப்பிலோ உணர்வு முற்றும் மறையும். நாய் சாய்ந்து விழும், உடல் விறைக்கும், கால்கள் நீந்துவனபோல் உதைத்துக்கொள்ளும், வாய் நுரைக்கும், சிறுநீரும் கழியும். தெளிந்தபின்னரும் வீட்டாரையே அறியாது சிறிதுநேரம் தடுமாறித் திரியும். இப்பிற்றடுமாற்றத்தையே யாம் சிறந்த அடையாளமாகக் கொள்வோம்; தலைநடுக்கத்தின்பின் அஃது இல்லை.

முகத்தின் ஒருபுறம் மட்டும் துடிக்கும் சிறுவலிப்பில் உணர்வு மறையாதிருத்தலும் கூடும். டிஸ்டெம்பர் கண்ட குட்டிகட்குத் தசைத்துடிப்பு உறக்கத்திலும் ஓயாது. காதிற் சீழோ உண்ணியோ உற்ற நாய் தலையை உதறுவது இவையனைத்தினும் வேறு. ஆதலின் ஐயமுற்றார் அந்நிகழ்ச்சியைக் கைப்பேசியிற் படம்பிடித்து மருத்துவருக்குக் காட்டுக. மருத்துவமனை மேசைமேல் நின்று நடுங்கிக் காட்டும் நாய் அரிது!

வலிப்புற்றார் கையில் சாவியைத் திணிக்கும் வழக்கம் நம்மூர்களில் இன்னும் ஒழியவில்லை. வளர்ப்பு நாயினிடத்து அவ்வாறு முயல்வார் கடிபடுவர். வாயிற் கையிடாது, படிக்கட்டினின்று அதனை விலக்கி, காலத்தைக் கணக்கிடுக. 5 நிமிடத்திற்கு மேற்படினும், ஒரே நாளில் மீண்டும் மீண்டும் வரினும், கால்நடை மருத்துவரிடம் விரைக.

தெருநாயாயின் தொடாது விலகி நிற்றலே தக்கது. வெறிநோயிலும் வலிப்பு வருமாதலின். கல்லடிபட்ட நாயோ ஓடிச்சென்று வேறொருவரைக் கடிக்கும். குன்னூர்ப் பாஸ்டர் நிலையம் தோன்றிய 1907-ஆம் ஆண்டினை ஒட்டிய நாட்களில் கடியுண்டோர் பலர் மலையேறிச் சென்றே ஊசி பெற்றனர். இன்று அரசினர் மருத்துவமனைகளிலேயே அது கிடைக்கின்றது. கடிவாயைச் சோப்பிட்டு ஓடுநீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆண்டுச் செல்க.