மாதுளை சொல்லும் வாய் மாட்டுக்கறி சொல்லாதது ஏன்?

ரத்தசோகைக்கு என்ன சாப்பிடலாம் என்று தமிழில் யாரைக் கேட்டாலும் ஒரே பட்டியல்தான் வரும். பேரீச்சம்பழம், மாதுளை, பீட்ரூட், வெல்லம், முருங்கைக்கீரை, இரவில் ஊறவைத்த உலர்திராட்சை. வார இதழின் மருத்துவப் பக்கம், யூடியூப் மருத்துவர், குடும்ப வாட்ஸ்அப் குழு, மருத்துவமனைச் சுவரில் ஒட்டிய படம் என எல்லோரும் இதில் ஒன்றுபட்டு நிற்கிறார்கள். கொஞ்சம் தாராள மனசுக்காரர்கள் கடைசி வரியில் ஆட்டு ஈரலையும் சுவரொட்டியையும் சேர்ப்பார்கள். மாட்டுக்கறி என்ற சொல் மட்டும் எங்கேயும் வராது. பன்றிக்கறியும் வராது.

இதை மறதி என்று நான் நம்பவில்லை. மறதிக்கு இவ்வளவு ஒழுங்கு இருக்காது.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) சொல்வது இது: தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம். முந்தைய சுற்றில் குழந்தைகளின் எண்ணிக்கை 50.7 சதவீதமாக இருந்தது. அதாவது கூடியிருக்கிறது. மருத்துவக் கல்லூரிகளையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் காட்டி நாம் பெருமைப்படும் மாநிலத்தின் கணக்கு இது.

இனி அந்தப் பட்டியலுக்கு வருவோம். மாதுளை சிவப்பாக இருக்கிறது, ரத்தமும் சிவப்பு. அதைத் தாண்டி அந்த உறவுக்கு ஆதாரம் குறைவு. 100 கிராம் மாதுளையில் இருக்கும் இரும்பு அரை மில்லிகிராம்கூடக் கிடையாது. பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராமுக்குள்தான். 100 கிராம் மண்ணீரலில், அதாவது நாம் சுவரொட்டி என்று சொல்வதில், 40 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆட்டின் மண்ணீரலுக்கும் மாட்டின் மண்ணீரலுக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. இன்னொன்றும் உண்டு. கறியில் இருக்கும் இரும்பில் கணிசமான பங்கு உடல் எளிதில் உறிஞ்சிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. தாவர உணவின் இரும்பில் நம் உடம்பில் சேர்வது பெரும்பாலும் பத்து சதவீதத்தைத் தாண்டாது. கீரையோடு ஒரே வேளையில் கறியும் சேர்ந்தால் அந்தக் கீரையின் இரும்பும் கூடுதலாக உடம்பில் ஒட்டும். பி12 என்ற வைட்டமினோ தாவரங்களில் கிட்டத்தட்ட இல்லை. இதெல்லாம் எந்தப் பாடநூலிலும் இருக்கும் செய்திகள். மருத்துவர்களுக்குத் தெரியாதா என்ன?

அரசுக்கும் தெரியும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்துப் பட்டியலில் மாட்டிறைச்சி இருக்கிறது. அளந்து, பகுத்து, எண் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆய்வகத்துக்குள் மாட்டுக்கறி ஓர் உணவு. ஆய்வகத்திலிருந்து துண்டறிக்கைக்கு வரும் வழியில் எங்கேயோ அது காணாமல் போகிறது. அந்த வழியில் உட்கார்ந்திருப்பது சாதி.

அதே 2017இல் ஆயுஷ் அமைச்சகம் தாய்சேய் நலத்துக்கென்று ஒரு கையேட்டை வெளியிட்டது. கர்ப்பிணிகள் முட்டையையும் அசைவத்தையும் தவிர்க்க வேண்டும் என்றது. இச்சை, கோபம் இவற்றிலிருந்து விலகியிருக்கவும் சொன்னது. கர்ப்பிணிகளில் பாதிப் பேர் ரத்தசோகையோடு பிரசவ அறைக்குள் போகும் நாட்டில், ஓர் அமைச்சகம் அரசுப் பணத்தில் அச்சடித்த ஆலோசனை இது. நாடெங்கும் சிரித்தார்கள், கண்டித்தார்கள், பிறகு மறந்தார்கள். ஆனால் அந்தக் கையேட்டின் மனநிலை நம் பக்கத்து கிளினிக் வரை இருக்கிறது. அங்கே அது சாத்வீகம் என்று பேசாது, "லைட்டா சாப்பிடுங்க" என்று பேசும். "நான்-வெஜ் கொஞ்சம் கம்மி பண்ணிக்கங்க" என்று, நோய் என்னவென்று பார்ப்பதற்கு முன்பே சொல்லும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு என் அம்மாவின் ஹீமோகுளோபின் 8க்குக் கீழே இறங்கியிருந்தது. ஒரு மருத்துவமனையில் உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். "அம்மா, நீங்க வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா?" என்று கேட்டார். "கறி எடுப்போம்மா" என்றார் அம்மா. "என்ன கறி?" அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, "கோழி... எப்பவாச்சும் ஆட்டுக்கறி" என்றார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் வேகும் கறி எதுவென்று எங்கள் தெருவுக்கே தெரியும். அந்த மேசைக்கு மட்டும் தெரியவில்லை. வாரம் இரண்டு முறை ஆட்டு ஈரல், தினம் ஒரு மாதுளை என்று எழுதிக் கொடுத்தார். அந்த மாதம் எங்கள் வீட்டில் ஆட்டு ஈரல் ஒரே ஒரு முறை வாங்கப்பட்டது.

அந்த ஆலோசகர் கெட்டவர் இல்லை. முகம் சுளிக்கவில்லை, அன்பாகத்தான் பேசினார். ஆனால் அம்மா சொன்ன பொய், ஒரு நோயாளியின் உணவு விவரமாக அந்தக் கோப்பில் ஏறிவிட்டது. கேள்வி கேட்பவரின் முன்னால் சேரி மனிதர் ஒரு நொடியில் போடும் கணக்கு அது: சொன்னால் இவர் என்னைத் தொட்டு ஊசி போடுவாரா? கணக்கெடுப்புப் படிவங்களில் மாட்டிறைச்சிக் கட்டத்துக்கு நேராக எத்தனை வீடுகள் உண்மையைச் சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பொய்களின் மேல்தான் அடுத்த ஆலோசனை எழுதப்படுகிறது.

வாரம்தோறும் கறி வேகும் வீட்டில் ஏன் ரத்தசோகை என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சட்டியில் கடைசியாகக் கை வைப்பவர் அம்மா. அப்பாவுக்கும் எனக்கும் தம்பிக்கும் போட்டது போக அவர் தட்டில் விழுவது குழம்பும் இரண்டு துண்டும். நம் வீடுகளின் ஆணாதிக்கத்தைப் பேசாமல் இந்தக் கட்டுரையை எழுதிவிட முடியாது. ஆனால் "உங்க வீட்ல கறி யாரு எவ்வளவு சாப்பிடுறீங்க?" என்ற அந்தப் பயனுள்ள கேள்வியை அந்த ஆலோசகரால் கேட்டிருக்க முடியாது. முதல் கேள்வியிலேயே கறி பொய்யாகிவிட்டதே.

பணக் கணக்கையும் போட்டுவிடலாம். ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு சுமார் 42 கிராம். ரேஷனில் மானிய விலையில் மாதம் ஒரு கிலோ பருப்பு கிடைக்கிறது. நான்கு பேர் குடும்பத்தில் அதை 30 நாளுக்குப் பங்கு போட்டால் தலைக்கு நாளொன்றுக்கு 8 கிராம் பருப்பு, அதாவது 2 கிராம் புரதத்துக்கும் கீழே. அரிசியில் இன்னும் கொஞ்சம் வரும். மீதிக்கு எங்கே போவது? பாதாம், பனீர், கிரேக்கத் தயிர் என்று ஆலோசனை சொல்கிறார்கள். ஆட்டுக்கறி கிலோ 800 ரூபாயைத் தாண்டி வெகு நாளாகிறது. மாட்டுக்கறி அதில் பாதி விலைகூட இல்லை. 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதம், அதோடு இரும்பு, துத்தநாகம், பி12. ஏழைக்கு எட்டுகிற விலையில் இருக்கும் நிறைவான உணவு இதுதான். ஜிம்முக்குப் போகிற நம் தம்பிகள் ஆயிரக்கணக்கில் செலவழித்து டப்பாவில் வாங்கும் வே புரதமும் மாட்டிடமிருந்து வருவதுதான். பாலாக வந்தால் புனிதம், பொடியாக வந்தால் பிட்னெஸ், கறியாக வந்தால் மட்டும் தீட்டு. எலும்புச் சாறுக்கும் இதே கதைதான். 'போன் ப்ராத்' என்று ஆங்கிலத்தில் பாக்கெட் போட்டால் மேட்டுக்குடி குடிக்கிறது.

ரத்தசோகைக்கு ஒன்றிய அரசு கண்டுபிடித்த தீர்வு செறிவூட்டப்பட்ட அரிசி. 2021 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்தார். அதன் பிறகு ரேஷன் அரிசியில் இரும்பும் பி12உம் கலந்து வந்தன. ஏழை மக்களுக்கு இவை பற்றாக்குறை என்பதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது என்று இதற்குப் பொருள். ஆலையில் கலந்த இரும்பைத் தட்டில் போடத் தயங்காத அரசு, அதே சத்துகள் இயல்பாகவே இருக்கும் உணவின் பெயரை உச்சரிக்க மாட்டேன் என்கிறது.

தமிழ்நாடு வேறு மாதிரி என்பார்கள். ஓரளவு உண்மை. 1920இல் நீதிக்கட்சியின் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது. 1989இல் சத்துணவில் முட்டை வந்தது, 2010இல் வாரம் ஐந்து முட்டை ஆனது. மத்தியப் பிரதேசத்தில் 2015இல் அங்கன்வாடி முட்டையை முதலமைச்சரே மறுத்தார். கர்நாடகத்தில் 2021இல் சில மாவட்டங்களில் முட்டை தொடங்கியதும் மடாதிபதிகள் எதிர்த்தார்கள். அந்தச் சண்டை இங்கே இல்லாமல் போனது திராவிட இயக்கத்தின் சாதனை, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாதனை முட்டையோடு நின்றுவிட்டது. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்றது. எதிர்ப்பு வந்ததும், மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தது. தோல் தொழிலும் மாட்டுக்கறியும் சேர்ந்து வளர்த்த ஊர் ஆம்பூர். அங்கேயே இதுதான் நிலை. 2023இல் காலை உணவுத் திட்டம் விரிந்தபோது, கரூரில் தலித் பெண் சமைத்ததைத் தம் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர் மறித்தார்கள். உப்புமாவுக்கே தீட்டு பார்க்கும் சமூகத்தில் உணவு ஆலோசனை மட்டும் சாதி பார்க்காமல் எழுதப்படுகிறது என்று நம்பச் சொல்கிறீர்கள்.

மாட்டுக்கறி புற்றுநோய் தருமே என்று ஒருவர் கட்டாயம் வருவார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சொன்னதை முழுமையாகப் படிக்க வேண்டும். பதப்படுத்திய இறைச்சி, அதாவது சாசேஜ், பேக்கன் போன்றவை, புற்றுநோய் உண்டாக்குபவை என்றது. சிவப்பு இறைச்சிக்கு 'அநேகமாக' என்ற அடைமொழி போட்டது. சிவப்பு இறைச்சியில் ஆட்டுக்கறியும் சேர்த்தி. ஆட்டுக்கறிக்கு இந்த எச்சரிக்கை ஏன் நினைவுக்கு வருவதில்லை? உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் சொல்லும் வரம்பு, சமைத்த கறியாக வாரம் 350 முதல் 500 கிராம். எங்கள் தெருவில் அந்த வரம்பைத் தொட்ட பெண்மணி ஒருவரை எனக்குக் காட்டுங்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் கொழுப்பையும் எண்ணெயையும் உப்பையும் குறைக்கத்தான் வேண்டும், கருவாட்டுக்கும் அது பொருந்தும். அது மருத்துவம். அதை யாரும் எதிர்க்கவில்லை. விரும்பிச் சைவம் உண்பவரோடும் எனக்கு வழக்கில்லை. பருப்பும் பாலும் வாங்கப் பணமிருந்தால் நன்றாகவே வாழலாம். அவருடைய தட்டை எல்லோருக்குமான மருந்துச்சீட்டாக எழுதுவதோடுதான் வழக்கு.

நம் பக்கத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 'நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல' என்று தொடங்கும் மரபு உணவுப் பேச்சு முற்போக்கு நண்பர்களையும் மயக்குகிறது. பழைய சோறு, கம்பங்கூழ், கேழ்வரகு எல்லாம் இப்போது தமிழர் உணவு. யாருடைய முன்னோர்? பழைய சோறு குடித்தவர் பண்ணையில் வேலை செய்தவர். அவருக்கு அது கொட்டாங்குச்சியிலும் ஏந்திய கையிலும் ஊற்றப்பட்டது. பகவத் கீதையின் 17ஆம் அத்தியாயம் ஆறிப்போனதையும் பழையதையும் எச்சிலையும் தாமச குணத்தாரின் உணவு என்று ஒதுக்குகிறது. குடலுக்கு நல்லது என்று மருத்துவர்கள் பேசத் தொடங்கிய பிறகு அதே பழையது மண்பானையில் விலை போட்டு விற்பனைக்கு வருகிறது. உணவை எடுத்துக்கொண்டு உண்டவர்களின் வரலாற்றைத் துடைத்துவிடுகிறார்கள். மாட்டுக்கறியை அப்படித் துடைத்து எடுத்துக்கொள்ள முடியவில்லை. அம்பேத்கர் 1948இல் 'தீண்டத்தகாதோர்' நூலில் தீண்டாமையின் வேரை மாட்டிறைச்சியோடு சேர்த்து ஆராய்ந்தார், அதுதான் காரணம். அதனால்தான் அது மரபு உணவுக் கண்காட்சிகளின் வாசலிலேயே நிறுத்தப்படுகிறது.

மருத்துவம், செவிலியம், ஊட்டச்சத்தியல் படிக்கும் தோழர்கள் இதை வாசிக்கிறீர்கள் என்று தெரியும். உங்களில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் அந்த மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரப் போகிறவர்கள். "வெஜ்ஜா நான்-வெஜ்ஜா" என்று கேட்காதீர்கள். "ஆடு, மாடு, கோழி, பன்றி, மீன், கருவாடு, இதுல எதெல்லாம் வீட்ல எடுப்பீங்க?" என்று ஒரே மூச்சில், ஒரே குரலில் கேளுங்கள். மாடு என்ற சொல் உங்கள் வாயிலிருந்து முதலில் வந்தால் எதிரில் இருப்பவர் அதைச் சொல்லப் பயப்பட மாட்டார்.

அரசிடம் கேட்பது ஒரு துண்டறிக்கை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்கள் ஏற்கெனவே வீடுவீடாகப் போகிறார்கள், அவர்கள் பையில் வைத்து அனுப்பலாம். அதில் இப்படி இருக்கட்டும்: ரத்தசோகை உள்ளவர்கள், உங்கள் வழக்கத்தில் இருந்தால், மாட்டுக்கறி, ஈரல், சுவரொட்டி, ரத்தப் பொரியல், பன்றிக்கறி சாப்பிடலாம். நன்றாக வேகவைக்கவும். எண்ணெய், உப்பு குறைவாக இருக்கட்டும். கூடவே கீரையும் எலுமிச்சையும் சேர்க்கவும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்க வேண்டாம். டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையை நிறுத்த வேண்டாம். வீட்டுப் பெண்களுக்கும் சமமாகப் பரிமாறவும். இதை அச்சிட சட்டத்திருத்தம் எதுவும் தேவையில்லை, ஓர் அதிகாரியின் கையெழுத்து போதும்.