பள்ளிக்கூடத்தோட 'வேல்யூஸ்'க்கு நாம எவ்வளவு கொடுக்கலாம்?



வீட்ல குழந்தைக்கு மூணு வயசு ஆகப்போகுதா? அப்படின்னா இந்நேரம் உங்க வாட்ஸ்அப்ல நாலஞ்சு பள்ளிக்கூடத்தோட பிரவுச்சர் வந்து குவிஞ்சிருக்கும். முழுமையான வளர்ச்சி, செயல்வழிக் கற்றல், நற்பண்புகள், உலகத்தரம்... எதைப் புரட்டினாலும் இதே வார்த்தைகள்தான். ஃபீஸ் மட்டும்தான் வேற வேற.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பிரவுச்சர்ல அச்சடிச்ச கொள்கைக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீங்க. வகுப்பறையில கண்ணால பார்க்க முடியுற கொள்கைக்குக் கொடுங்க. அதுவும், எல்கேஜி முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 14 வருஷம் உங்க சம்பளம் அதைத் தாங்கும்னா மட்டும்.

முதல்ல கணக்கு

எல்கேஜி ஃபீஸ் 1.5 லட்சம், வருஷத்துக்கு 10% ஏறுதுன்னு வெச்சுப்போம். பன்னிரண்டாம் வகுப்புல அது சுமார் 5.2 லட்சம் ஆகிடும். மொத்தம் கட்டியிருக்கிற தொகை சுமார் 42 லட்சம். வேன், யூனிஃபார்ம், ஆண்டு விழா செலவெல்லாம் தனி.

பக்கத்துத் தெருவுல இருக்கிற இன்னொரு பள்ளியில ஃபீஸ் 60,000 ரூபாய். அதே 10% ஏற்றம்னா மொத்தம் சுமார் 16.8 லட்சம். வித்தியாசம் 25 லட்சம். இந்த வித்தியாசத்தை வருஷா வருஷம் கடைசியில முதலீடு பண்ணி, 10% வருமானம் கிடைச்சா (இது அனுமானம்தான், உத்தரவாதம் இல்ல), பிள்ளை பள்ளி முடிக்கும்போது கையில சுமார் 43 லட்சம் இருக்கும்.

அதனால கேள்வி இதுதான்: அந்த ரெண்டு பள்ளிக்கும் நடுவுல, உங்க பிள்ளைக்கு 43 லட்சம் மதிப்புள்ள வித்தியாசம் நிஜமாவே இருக்கா? இருக்கலாம். ஆனா அதை நீங்க பார்த்துத்தான் முடிவு பண்ணணும்.

போர்டுல இருக்கிறது வகுப்புல இருக்கா?

மாண்டிசோரின்னு போர்டு மாட்ட எந்தப் பள்ளிக்கும் தடையில்ல. மரியா மாண்டிசோரி 1907-ல ரோம் நகரத்துல தொடங்கின முறை அது. 1939-ல அவங்களே அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க. அந்த முறையில மூணு முதல் ஆறு வயசு வரையுள்ள குழந்தைகள் ஒரே வகுப்புல கலந்து இருப்பாங்க. பொருட்களைத் தாங்களே எடுத்து, ரொம்ப நேரம் இடையூறு இல்லாம வேலை செய்வாங்க. பரீட்சை, ரேங்க் கிடையாது. நீங்க போய்ப் பார்க்கும்போது மூணு வயசுக் குழந்தைங்க வரிசையா உக்காந்து ஏ, பி, சி எழுதிட்டு இருந்தா, நீங்க காசு கொடுக்கிறது போர்டுக்குத்தான்.

செயல்வழிக் கற்றலும் அப்படித்தான். இன்னைக்கு இதைப் பெரிய விலைக்கு விக்கிறாங்க. ஆனா 2003-லயே சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல இதைத் தொடங்கிட்டாங்க. பிறகு தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போச்சு. ஃபீஸ் இல்லாம! அதனால ஒரு முறையோட பேரைக் கேட்டதும் விலையை மனசுக்குள்ள ஏத்திக்காதீங்க. உங்க பட்டியல்ல பக்கத்துல இருக்கிற அரசுப் பள்ளியையும் ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வாங்க. ஆறாம் வகுப்புல இருந்து பன்னிரண்டு வரை அங்க படிச்சா மருத்துவச் சேர்க்கையில 7.5% உள் ஒதுக்கீடும் இருக்கு.

நிஜமான வேல்யூஸ் எங்க தெரியும்?

நாலு இடத்துல பாருங்க.

ஒண்ணு, ஆசிரியர்கள். "ஒண்ணாம் வகுப்பு டீச்சர் எத்தனை வருஷமா இங்க இருக்காங்க?"ன்னு கேளுங்க. வருஷா வருஷம் ஆள் மாறினா, ஃபீஸ் கட்டடத்துக்குப் போகுது, டீச்சர் சம்பளத்துக்குப் போகலைன்னு சந்தேகப்படலாம். கல்வி முறையை நடத்துறது டீச்சர்தான், ஏசி ரூம் இல்ல.

ரெண்டு, ரசீது. தமிழ்நாட்டுல 2009-ல வந்த கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி தனியார் பள்ளிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்க ஒரு குழு இருக்கு. "குழு நிர்ணயிச்ச கட்டணம் எவ்வளவு?"ன்னு தைரியமா கேளுங்க. நேர்மையைப் பாடமா நடத்துற பள்ளி, ரசீது இல்லாம காசு வாங்கினா அதுதான் உங்க பிள்ளை கத்துக்கப்போற முதல் பாடம். இன்னொண்ணு, பழைய வரி முறையில வரிச் சலுகை டியூஷன் ஃபீஸுக்கு மட்டும்தான். டொனேஷனுக்குக் கிடையாது.

மூணு, அட்மிஷன். கல்வி உரிமைச் சட்டத்தோட 13-வது பிரிவு நன்கொடை வசூலையும், பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டித் தேர்வு செய்றதையும் தடுக்குது. "எல்லாக் குழந்தையும் சமம்"னு சுவத்துல எழுதிட்டு, அப்பா எந்த கம்பெனின்னு பார்த்து சீட் கொடுத்தா என்ன அர்த்தம்?

நாலு, ஃபீஸ் லேட்டான பிள்ளை. கேட்டுக்கு வெளியே நிக்கிற பெற்றோர்கிட்ட விசாரிங்க. பாக்கியைப் பெரியவங்ககிட்ட மட்டும் கேக்கிறாங்களா, இல்ல பிள்ளையை வகுப்புல எழுப்பி நிக்க வைக்கிறாங்களா? ஒரு பள்ளியோட பண்பு இதுல தெரியிற அளவுக்கு வேற எதுலயும் தெரியாது.

"பிள்ளை விஷயத்துல கணக்கு பார்க்கலாமா?"

கண்டிப்பா பார்க்கணும். ஃபீஸ் 10% ஏறி, உங்க சம்பளம் 7% ஏறினா, இன்னைக்குச் சம்பளத்துல 15% எடுக்கிற ஃபீஸ் பன்னிரண்டாம் வகுப்புல 21% தாண்டிடும். நடுவுல வேலை போகலாம், ரெண்டாவது குழந்தை வரலாம். எட்டாம் வகுப்புல காசு இல்லாம பள்ளி மாத்துறது, எல்கேஜியில சாதாரணப் பள்ளியில சேர்க்கிறதைவிட பிள்ளைக்கு வலிக்கும்.

என்னோட வரம்பு இது: எல்லாப் பிள்ளைங்களோட பள்ளிச் செலவும் சேர்த்து, தொடக்கத்துல கைக்கு வர்ற சம்பளத்துல 10%. கையில 80,000 வந்தா, வருஷத்துக்கு 96,000. டேர்ம் இன்சூரன்ஸ், ஆறு மாச அவசர நிதி இந்த ரெண்டுக்கும் அப்புறம்தான் இது. ஃபீஸுக்கு ஈஎம்ஐ போடுற நிலைமைன்னா, அந்தப் பள்ளி உங்களுக்கானது இல்ல. எவ்வளவு நல்ல பள்ளியா இருந்தாலும் சரி.

மாசக் கடைசியில பதட்டமில்லாம பிள்ளை பக்கத்துல உக்காந்து கதை கேக்கிற அப்பா அம்மாவை எந்தப் பள்ளியும் விக்க முடியாது. அதை நீங்கதான் கொடுக்கணும்.

நீங்க எந்தக் கேள்வியைக் கேட்டு உங்க பிள்ளைக்குப் பள்ளி தேர்ந்தெடுத்தீங்க? கமெண்ட்ல எழுதுங்க, மத்தவங்களுக்கும் உதவும்.